திறனும் உறுப்பும்: மருத்துவக் கல்வியில் ஓர் ஆய்வு

மருத்துவம் பயில்வார் எத்துணை ஆண்டு பயின்றார் என்று மட்டும் கணக்கிடாது, பயிற்சியின் முடிவில் எவ்வெவற்றைச் செய்யவல்லார் என்று அறுதியிட்டு அளப்பதே திறன்வழிக் கல்வியாம். இந்தியாவில் இளநிலை மருத்துவப் படிப்பு 2019ஆம் ஆண்டில் இம்முறைக்கு மாற்றப்பெற்றது. அதே ஆண்டின் சேர்க்கை விதிகளிலோ, இரு கைகளும் குறைவற்று, உணர்ச்சியும் போதிய வலிமையும் உடையனவாய் இருத்தல் வேண்டும் என்றொரு நிபந்தனை இடம்பெற்றது. முன்னது செயலை நோக்குவது; பின்னது உறுப்பை நோக்குவது. இவ்விரண்டும் ஒருங்கு நிற்குமா என்பதனையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

ஒரு திறனில் அடையவேண்டிய பயனும், அதனை அடையும் வழியும் என இரு கூறுகள் உள. நெஞ்சொலியின் வேறுபாட்டை உணர்ந்து நோயைத் தெளிதல் பயன். செவியிற் பொருத்தும் ஸ்டெதாஸ்கோப் வழி. செவிப்புலன் குறைந்த மாணவர், ஒலியைப் பெருக்கித் தருவதும் திரையில் வரைகோடாகக் காட்டுவதுமாகிய கருவிகளின் துணையால் அதே முடிவிற்கு வருவராயின், அவர் அத்திறன் உடையவரே. பாடத்திட்டம் வகுப்போர் வழியையும் பயனையும் ஒன்றாக்கி எழுதிவிடின், கருவியைப் பற்றிய விதி ஆளைப் பற்றிய விதியாகிவிடுகின்றது. 'மாற்றுத்திறனாளி' என்னும் சொல்லை வெறும் இடக்கரடக்கல் என்று எள்ளுவாரும் உளர். யாம் அங்ஙனம் கருதவில்லை. வழி மாறினும் திறன் நிற்கும் என்னும் கருத்தினை அச்சொல் தன்னகத்தே கொண்டுள்ளது.

2016ஆம் ஆண்டுச் சட்டம், 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உடையார்க்கு அரசு மற்றும் அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 விழுக்காட்டிற்குக் குறையாத இடங்களை ஒதுக்கிற்று. மருத்துவச் சேர்க்கை விதிகளோ, பேச்சுக் குறைபாடு 40 விழுக்காட்டை எட்டினார்க்குத் தகுதியே இல்லை என்றன. அதற்குக் குறைந்தார்க்குத் தகுதி உண்டு, ஒதுக்கீடு இல்லை. ஒரு கையால் ஈந்ததை மறுகையாற் பறித்தமைக்கு இதனினும் தெளிவான சான்று காட்டல் அரிது. உச்ச நீதிமன்றம் 2024ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் இம்முறையை ஏற்க மறுத்து, விழுக்காடு ஒன்றே ஒருவரை விலக்கப் போதாது. அவர் படிப்பைத் தொடரவல்லாரா என்பதை மதிப்பீட்டுக் குழு ஆராய்ந்து காரணம் கூறல் வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2025 பிப்ரவரியில், மேற்கூறிய இரு கை நிபந்தனையையும் அது கண்டித்தது. இளமையில் போலியோவால் தாக்குண்டு, சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே புற்றுநோய் மருத்துவத்திற் சிறந்து விளங்கிய சுரேஷ் அத்வானி போன்றாரை முன்னரே கண்ட நாட்டில் இத்தெளிவு காலந்தாழ்ந்தே வந்தது.

நோயாளிக்குக் கேடு நேராதோ எனின், அவ்வினா புறந்தள்ளற்குரியதன்று. நின்ற இதயத்தை மீண்டும் இயக்க நெஞ்சை அழுத்தும் செயலைக் கொள்வோம். கைவலிமை குன்றிய மருத்துவர் நிலையை உடனே உணர்ந்து, பிறரை ஏவி, அழுத்தத்தின் அளவையும் மருந்தையும் நெறிப்படுத்தக் கூடும். பெரிய மருத்துவமனைகளில் குழுவின் தலைவர் செய்வதும் பெரும்பாலும் இதுவே. ஆயின் நள்ளிரவில் துணையற்ற சிற்றூர் நிலையத்தில் அது போதாது. ஆகவே அத்தகைய பணியிடங்களுக்கு வேண்டும் திறன்களைப் பணியமர்த்துவோர் தனியே வரையறுத்தல் தகும். பயிற்சியே தொடங்காத மாணவரிடம், கருவியும் துணையும் தந்து பாராமலே, சேர்க்கை வாயிலில் அதனை வினவுதல் திறன்வழிக் கல்வியின் முறைக்குப் பொருந்தாது.