கையும் கருவியும் – 9: செயின்சா பிடிக்கும் கைக்கு எந்தக் கையுறை?

செயின்சாவில் வலது கை பின்பிடியில் ஆக்சிலேட்டரை அழுத்தும். இடது கை முன்பிடியைச் சுற்றிப் பிடிக்கும். ஓடும் செயினுக்கு நெருக்கமாக இருப்பது இடது கைதான். அதனால் செயின்சாவுக்கென்றே தைக்கப்படும் கையுறைகள் பலவற்றில் வெட்டுத் தடுப்பு அடுக்கு இடது புறங்கையில் மட்டுமே இருக்கும். இது குறையல்ல. சில வகைகளில் விரல்களின் மேற்புறத்துக்கும் அந்த அடுக்கு நீளும். விலை கூடினாலும் அதுவே மேல்.

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் புழங்கும் கையுறைகள் வேறு. உருக்கு வேலைக்குச் சூடு தாங்கும் தடித்த தோல் உறையும், தகடு தூக்க வெட்டுத் தாங்கும் பின்னல் உறையும் போதும். அதே உறையோடு பொன்னேரிப் பக்கத்துச் சவுக்குத் தோப்பில் மெஷினை எடுப்பது ஆபத்து. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரையேறியபோது சென்னையிலும் சுற்றுப்புறத்திலும் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. அப்படிப்பட்ட நாள்களில் கைக்குக் கிடைத்த உறையை மாட்டிக்கொண்டு வேலையில் இறங்கத்தான் தோன்றும். பின்னல் உறையின் மீது அச்சிட்ட வெட்டு எதிர்ப்பு எண், இஎன் 388 தரப்படி, கத்தி போன்ற அலகை வைத்துச் சோதித்துப் பெற்றது. ஓடும் செயினுக்கு அந்த எண் பொருந்தாது.

செயின்சா உறை வேலை செய்யும் விதமே தனி. செயின் பட்டதும் மேல்தோல் கிழிந்து, உள்ளிருக்கும் நீண்ட செயற்கை இழைகள் உருவிக்கொண்டு வந்து பல்சக்கரத்தில் சுற்றிச் செயினை நிறுத்தும். ஐஎஸ்ஓ 11393-4 தரம் இதைச் செயின் வேகத்தால் வகுக்கிறது: வகுப்பு 0 என்றால் விநாடிக்கு 16 மீட்டர், வகுப்பு 1 என்றால் 20, வகுப்பு 2 என்றால் 24. பெட்ரோல் மெஷின்கள் பலவற்றின் செயின் முழு வேகத்தில் 20 மீட்டரைத் தாண்டும். ஆகவே காயத்தின் ஆழத்தைக் குறைப்பதே உறையின் வேலை. காயமே படாது என்ற உறுதியை அது தராது.

பிடிமானம் இதைவிட முக்கியம். செயின் ஓடும் பாரின் நுனி மேல்பகுதி கட்டையில் இடித்தால் மெஷின் ஆளை நோக்கித் துள்ளும். அப்போது இடது கட்டைவிரல் முன்பிடியை அடியில் சுற்றி இறுக்கியிருக்க வேண்டும். மணிக்கட்டு முன்தடுப்பைத் தள்ளி பிரேக்கை விழ வைக்க வேண்டும். தொளதொளத்த உறையில் இரண்டும் நடக்காது. கட்டைவிரலை விட்டு உள்ளங்கையின் சுற்றளவை அளந்தால் 8 அங்குலத்துக்கு 8ஆம் எண், 9 அங்குலத்துக்கு 9ஆம் எண் என்பது ஏறக்குறையச் சரியாக இருக்கும். இந்த ஊர் வெயிலில் வியர்வை கொட்டும். மெல்லிய ஆட்டுத்தோல் உள்ளங்கையும், மாற்றிப் போட இன்னொரு ஜோடியும் வேண்டும். எண்ணெய் ஊறிய உறை வழுக்கும்.

அதிர்வைத் தடுக்க உறையை நம்ப முடியாது. நாள்பட்ட அதிர்வு விரல் நரம்பையும் ரத்த நாளத்தையும் கெடுக்கும். குளிர்நாட்டில் விரல் வெளுப்பது கண்ணுக்குத் தெரியும். வெப்பநாட்டில் மதமதப்பும் ஊசி குத்துவது போன்ற உணர்வுமே பெரும்பாலும் அறிகுறி. பிடிகளைத் தாங்கும் அதிர்வு தாங்கிகள் பழுதில்லாமல் இருப்பது, கூரான செயின், இடையிடையே ஓய்வு ஆகியவையே உண்மையில் கைகொடுக்கும். செயினுக்கு அரம் போடும்போது எஞ்சின் நிற்க வேண்டும். உறை கழற்றக் கூடாது.

சாய்ந்த மரத்தோடு மின்கம்பி கிடந்தால் செயின்சா உறை எந்தக் காப்பும் தராது. மின்வாரியம் இணைப்பைத் துண்டித்ததை உறுதி செய்த பிறகே மரத்தைத் தொட வேண்டும். தடுப்பு அடுக்கில் செயின் ஒருமுறை பட்டுவிட்டால் அந்த உறையைத் தைத்துப் போடாமல் ஒதுக்கிவிட வேண்டும்.