தாளத்தோடு மோதும் மலேசிய விளையாட்டு

கிள்ளான் பள்ளத்தாக்கின் மெட்ரோனோமிக் நிறுவனம் உருவாக்கி, 2020 ஆகஸ்டில் வெளியான ‘நோ ஸ்ட்ரெய்ட் ரோட்ஸ்’ என்னும் காணொளி விளையாட்டில், மேடே, சூக் என்னும் இரு ராக் இசைக் கலைஞர்கள், மின்னணு நடன இசையால் நகரையே ஆளும் பெருநிறுவனத்தை எதிர்த்துப் போராடுகின்றனர். எதிரிகளின் தாக்குதல் பின்னணி இசையின் தாளத்திற்கேற்ப அமைவதால், ஆட்டக்காரர் கண்ணோடு காதையும் கூர்மையாக்கிக்கொள்ள வேண்டியுள்ளது. வாயாங் கூலிட் எனப்படும் நிழற்பாவைக் கூத்தின் சாயலோடு மலாய்ச் சொல்லிசையும் இதில் இடம்பெறுகிறது. இசையையும் காட்சி வண்ணத்தையும் பாராட்டிய விமர்சகர்கள், சண்டை முறையையும், களத்தைக் காட்டும் கேமராக் கோணத்தையும் குறைகூறியதால் வரவேற்பு கலவையாகவே அமைந்தது. எனினும் 2021-இல் மேம்பட்ட பதிப்பும் வெளிவந்த இவ்விளையாட்டு, உள்ளூர் மரபை உலக அரங்கில் ஒலிக்கச் செய்த அரிய முயற்சியாகப் போற்றத்தக்கது.