பரீட்சைப் பயமும் நாமும்

எமது பழைய மாணாக்கர் ஒருவர் சில காலத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் எம்மைத் தேடி வீட்டுக்கு வந்தார். உயர்தர வகுப்பில் எம்மிடம் கணிதம் பயின்றவர். வகுப்பில் முதல் மூவருள் ஒருவர். பட்டம் பெற்றுக் கொழும்பில் நல்ல உத்தியோகம் பார்ப்பவர். வெளிநாட்டு வணிகக் கல்லூரி ஒன்றிற் சேர்ந்து முகாமைத்துவத்தில் முதுமாணிப் பட்டம் பெறவேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. அதற்கான நுழைவுப் பரீட்சையை எழுதிவிட்டு வந்திருந்தார். முகம் வாடியிருந்தது. வீட்டில் எழுதிப் பார்த்த ஒத்திகையில் 645 புள்ளி. உண்மைப் பரீட்சையில் 535.

“தெரியாத கணக்கு இல்லை, சேர். வீட்டை வந்து யோசிச்சால் எல்லாம் தெரியுது. அங்கை இருக்கேக்கை கை நடுங்கிச்சுது. ஒரே வசனத்தை நாலு தரம் வாசிச்சன், ஒண்டும் ஏறேல்லை” என்றார்.

அவர் அன்று தயங்கித் தயங்கிச் சொன்ன இன்னொரு வார்த்தையும் உண்டு. அதனை இக்கட்டுரையின் முடிவிற் கூறுவோம்.

இத்துன்பம் அவர் ஒருவருக்கு மட்டும் உரியதன்று. ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் தொடக்கம் உயர்தரம் வரை பரீட்சைகளாலேயே பிள்ளைகளை அளந்துவரும் எமது சமூகத்தில், இந்நோயை அறியாத வீடு இல்லை எனலாம். ஆகவே அந்த இளைஞருக்கு நாம் கூறியவற்றையும், அவருக்காகத் தேடிப் படித்தவற்றையும் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ளல் நன்றெனக் கருதுகின்றோம்.

பரீட்சையின் இயல்பு

அவர் எழுதியது ‘ஜீமற்’ எனப்படும் பரீட்சை. அமெரிக்காவின் வணிகக் கல்லூரிகள் ஒன்பது 1953 ஆம் ஆண்டில் ஒன்றுகூடி எடுத்த முயற்சியின் பயனாக, 1954 இல் இது முதன்முதலாக நடத்தப்பெற்றது. அன்று கடதாசியும் பென்சிலுமாக இருந்தது, 1997 இற் கணினிக்கு மாறிற்று. 2023 நவம்பரில் அறிமுகமான புதிய அமைப்பில் மூன்று பகுதிகள் உள. எண்சார் பகுதியில் 21 வினாக்கள். மொழிசார் பகுதியில் 23. தரவுகளை ஆராயும் பகுதியில் 20. ஒவ்வொரு பகுதிக்கும் 45 நிமிடம். ஆக, இரண்டே கால் மணி நேரத்தில் 64 வினாக்கள். மொத்தப் புள்ளி 205 இலிருந்து 805 வரை வழங்கப்படும்.

கணக்கிட்டுப் பார்த்தால் ஒரு வினாவுக்கு ஏறத்தாழ இரண்டு நிமிடமே கிடைக்கும். கணிப்பானைத் தரவுப் பகுதியில் மட்டுமே பயன்படுத்தலாம். கட்டணமோ எம்போன்ற ஆசிரியரின் மாதச் சம்பளத்திற் பெரும்பகுதியை விழுங்கிவிடும். பயம் வருவதற்கு வேறு காரணமும் வேண்டுமோ?

ஆனால், இப்பரீட்சையில் நம் மாணாக்கரைச் சிறப்பாகத் தடுமாறச் செய்யும் தன்மை ஒன்று உண்டு. விடையளிப்பவரின் திறமைக்கேற்ப வினாக்களின் கடினம் மாறிக்கொண்டே போகும். சரியாக விடையளித்தால் அதைவிடக் கடினமான வினா வரும். பிழைத்தால் இலகுவானது வரும். எனவே, கெட்டிக்காரருக்கும் பரீட்சை கடினமாகவே தோன்றும். சிறுவயது முதல் வினாத்தாளைக் கண்டவுடன் ‘எல்லாம் தெரியும்’ என்று மகிழ்ந்து பழகிய மாணவர், இங்கே வினாவுக்கு வினா திணறும்போது ‘தோற்றுவிட்டேன்’ என்று முடிவு கட்டிவிடுகிறார். உண்மையில் அத்திணறல், அவர் நன்றாகச் செய்கிறார் என்பதன் அடையாளமாகவும் இருக்கலாம். எமது இளைஞர் இதனைப் புத்தகத்தில் வாசித்திருந்தார். ஆயினும் மண்டபத்தில் அது நினைவுக்கு வரவில்லை.

பயம் என்ன செய்கிறது?

பயம் முழுவதும் தீயதன்று. யேர்க்ஸ், டொட்சன் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் 1908 இல் எலிகளைக்கொண்டு ஓர் ஆராய்ச்சி செய்தனர். கடினமான வேலையைக் கற்கும்போது, தூண்டுதல் மிகக் குறைந்தாலும் கற்றல் மந்தமாயிற்று. மிக அதிகரித்தாலும் மந்தமாயிற்று. நடுத்தரமான தூண்டுதலே நல்ல பயன் தந்தது. மனிதருக்கும் ஓரளவு பதற்றம் வேண்டியதே. அது அளவு கடக்கும்போதுதான் தொல்லை.

உடல் நடுங்குவது ஒன்று. மனம் கவலைப்படுவது வேறொன்று. மதிப்பெண்ணைக் கெடுப்பது பெரும்பாலும் இரண்டாவதே. காரணம் எளிது. ஒரு கணக்கைச் செய்யும்போது அதன் எண்களையும் படிகளையும் மனத்தில் ஏந்திவைத்திருக்கின்றோம். அவ்வாறு ஏந்தும் இடம் மிகச் சிறியது. வகுப்பறை வாங்கு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். மூவர் இருக்கக்கூடிய வாங்கிலே, ‘தோற்றால் அப்பா என்ன சொல்வார்’, ‘கட்டிய காசு வீணாகுமே’ என்ற இருவர் வந்து குந்திவிட்டால், கணக்குக்கு எஞ்சும் இடம் எவ்வளவு? தெரிந்த கணக்கு தெரியாமற் போவதன் இரகசியம் இதுவே. அறிவு எங்கும் ஓடிவிடவில்லை. அதற்கு இருக்க இடமில்லை.

ஆயத்தம் செய்யும் முறை

முதலாவது, வாசிப்பதைக் குறைத்துச் செய்து பார்ப்பதை அதிகரித்தல். ஒரு பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசிப்பதிலும், புத்தகத்தை மூடிவிட்டுத் தம்மைத் தாமே சோதித்துக்கொள்வதே நெடுநாள் நிலைக்கும் என்பதை றோடிகர், காப்பிக்கே என்போரின் 2006 ஆம் ஆண்டு ஆராய்ச்சி காட்டிற்று. வாசிக்கும்போது ‘தெரிகிறது’ என்று தோன்றும் நம்பிக்கை பரீட்சையில் உடைந்துபோகும். சோதித்துப் பெற்ற நம்பிக்கை உடையாது.

இரண்டாவது, பிழைக் கொப்பி ஒன்று வைத்திருத்தல். பிழைத்த வினா ஒவ்வொன்றையும் எழுதி, அறியாமையாற் பிழைத்ததா, அவசரத்தாற் பிழைத்ததா, பயத்தாற் பிழைத்ததா என்று பக்கத்தில் குறிக்க வேண்டும். எமது இளைஞர் இவ்வாறு குறித்தபோது, அவருடைய பிழைகளிற் பாதிக்கு மேல் அவசரத்தால் வந்தவை எனக் கண்டார். அதுவரை அவர் புதிய சூத்திரங்களையே மனனம் செய்துகொண்டிருந்தார்!

மூன்றாவது, விட்டுவிடப் பழகுதல். ஒரு வினாவோடு ஐந்து நிமிடம் மல்லுக்கட்டுபவர் பின்வரும் இரண்டு வினாக்களின் நேரத்தைக் கடன் வாங்குகிறார். மூன்று நிமிடத்தில் வழி தென்படாவிட்டால் பொருத்தமானதொரு விடையைத் தெரிவு செய்து, அடையாளமிட்டுவிட்டு அப்பாற் செல்லவேண்டும். நேரம் மிஞ்சினால் அப்பகுதியின் இறுதியில் திரும்பி வந்து மூன்று விடைகள் வரை மாற்றிக்கொள்ளலாம். வினாக்களை முடிக்காது விட்டாலோ புள்ளி குறையும். எல்லா வினாவுக்கும் சரியான விடை எழுதியே தீரவேண்டும் என்பது நாம் பாடசாலையிற் பழக்கிய பழக்கம்; இங்கே அது பகையாகும்.

நான்காவது, பரீட்சை நடக்கும் அதே நேரத்தில், மணிக்கூட்டை வைத்து, இடையில் எழும்பாமல் ஒத்திகை பார்த்தல். மூன்று பகுதிகளையும் விரும்பிய வரிசையில் எழுதலாமாதலால், தமக்குக் கைவந்த பகுதியை முதலில் வைத்துப் பழகுவது மனத்துக்குத் தென்பு தரும்.

பரீட்சை நாளன்று

2011 இல் றமிரெஸ், பெய்லொக் என்னும் ஆராய்ச்சியாளர் சிக்காகோவில் ஒரு சோதனை செய்தனர். பரீட்சைக்குச் சற்று முன்னர், பத்து நிமிட நேரம் தம் பயங்களை எல்லாம் ஒளிவுமறைவின்றி எழுதும்படி மாணவரைக் கேட்டனர். அவ்வாறு எழுதியவருள், பயந்த இயல்புடைய மாணவரின் புள்ளிகள் உயர்ந்தன. கவலையைக் கடதாசியில் இறக்கிவைத்தால் வாங்கில் இடம் பிறக்கிறது போலும்.

2010 இல் வெளியான இன்னோர் ஆராய்ச்சி, ‘ஜீஆர்ஈ’ என்னும் பட்டப்பின் நுழைவுப் பரீட்சைக்கு ஆயத்தம் செய்த மாணவரிடையே நடந்தது. ‘நெஞ்சு படபடப்பது கெடுதியன்று, அது நன்றாகச் செய்ய உதவக்கூடும்’ என்று ஒரு சாராருக்கு முன்கூட்டியே சொல்லப்பட்டது. அவர்கள் ஒத்திகையிலும், பின்னர் எழுதிய உண்மைப் பரீட்சையிலும் கணிதத்திற் கூடிய புள்ளி பெற்றனர். படபடப்பை அடக்க முயல்வதிலும், அதனை உதவிக்கு வந்த துணையாக ஏற்பது இலகு.

இவற்றோடு, முதல்நாள் இரவு கண்விழியாது நித்திரை கொள்ளுதலும், மனம் கலங்கும்போது மூச்சை மெதுவாக உள்ளே இழுத்து அதனிலும் மெதுவாக வெளியே விடுதலும் பயன் தருவன. இவ்வளவு செய்தும் நித்திரையும் சாப்பாடும் கெடுமளவுக்குப் பயம் நீடித்தால் வைத்தியரை நாடுவதில் வெட்கம் வேண்டாம். காய்ச்சலுக்கு நாடுவதில்லையா?

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. “இந்த முறை எப்படியும் எடுத்துப்போடு” என்று வாசலில் நின்று வழியனுப்புவது ஆசீர்வாதம் போலத் தோன்றினும், அது பிள்ளையின் வாங்கில் இன்னொருவரை ஏற்றி அனுப்புவதே. “சாப்பிட்டுவிட்டுப் போ, வந்ததும் கதைப்போம்” என்பது போதும்.

அவர் சொன்ன வார்த்தை

இனி, முன்பு சொல்லாமல் விட்டதைக் கூறுவோம். அன்று மாலை தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அவர் சொன்னார்: “சேர், குறை நினைக்கக்கூடாது. திரையிலை நேரம் குறையிறதைப் பார்த்தவுடனை உங்கடை குரல்தான் காதிலை கேட்டது.”

எமக்குச் சுருக்கென்றது. வகுப்பில் சோதனை வைக்கும்போதெல்லாம் மேசையில் தட்டி, “இன்னும் பத்து நிமிடம்! இன்னும் ஐந்து நிமிடம்! இதைக்கூட முடிக்காதவர் வெளியே போய் என்ன செய்யப்போகிறீர்?” என்று உரத்துச் சொல்வது எமது வழக்கம். உற்சாகப்படுத்துகிறோம் என்றே இருபது ஆண்டுகளாக எண்ணியிருந்தோம். பத்து ஆண்டுகளின் பின்னரும் அக்குரல் ஒரு நல்ல மாணாக்கரின் வாங்கில் இடம்பிடித்து இருந்திருக்கிறது! ‘நீ பயப்படாதே’ என்று அவருக்கு உபதேசிக்குமுன் நாம் எம்மைத் திருத்தவேண்டியிருந்தது. அதை அவரிடமே ஒப்புக்கொண்டோம். அவர் பதறி எழுந்து, “ஐயோ சேர், அப்படி இல்லை” என்றார். ஆனால், அவர் முகம் அப்போதுதான் சற்றுத் தெளிந்தது.

நான்கு மாதங்களின் பின் அவர் மீண்டும் அப்பரீட்சையை எழுதி 635 புள்ளி பெற்றார். விரும்பிய கல்லூரியில் இடம் கிடைக்குமா என்பது இன்னும் முடிவாகவில்லை. அது வேறு காரியம். தமக்குத் தெரிந்ததைத் தாம் எழுதிவிட்டு வந்ததே அவருக்குப் பெரிய நிறைவு.

இப்பொழுதெல்லாம் எமது வகுப்பிற் சோதனை நடக்கும்போது, மிகுதி நேரத்தைக் கரும்பலகையின் ஒரு மூலையில் சத்தமின்றி எழுதிவிட்டு வந்து இருக்கின்றோம். பிள்ளைகள் வேண்டுமானால் நிமிர்ந்து பார்க்கிறார்கள்.