பல்லுக்குக் காப்புறுதி எதுவரை கைகொடுக்கும்?

இடம்பெயர்ந்த எமது விவசாயக் குடும்பங்களிற் பல, வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் அனுப்பும் காசையும் நம்பியே சீவிக்கின்றன. "கனடாவில் வைத்தியம் இலவசம்தானே? பல்லுக்குச் செலவாகிவிட்டது, இந்த மாதம் காசில்லை என்று மகன் சொல்கிறானே" எனப் பெற்றோர் கேட்பதுண்டு. "வேலையிடத்தில் பல்லுக்குக் காப்புறுதியும் இருக்கிறதாம். பிறகேன் கடன்?" என்பது அடுத்த கேள்வி. பிள்ளை சாட்டுச் சொல்கிறான் என்ற எண்ணம் வளர்ந்தால் உறவே கசந்துபோகும். ஆகவே உண்மை நிலையை விளங்கிக்கொள்வது நல்லது.

இலவச வைத்தியத்துள் பல் அடங்குமா?

கனடாவின் 1984ஆம் ஆண்டுச் சுகாதாரச் சட்டம் வைத்தியசாலைச் சிகிச்சையையும் மருத்துவர்களின் சேவையையும் பொதுச் செலவில் வழங்க வழிசெய்கின்றது. பல் வைத்தியம் பொதுவாக அதற்குள் வராது. வைத்தியசாலையில் வைத்தே செய்யவேண்டிய பற் சத்திரசிகிச்சைக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. எனவே பல் அடைப்பதற்கும், பிடுங்குவதற்கும், கட்டுப்பல் வைப்பதற்கும் பெரும்பாலானோர் தனியார் பல் வைத்தியரிடமே செல்கின்றனர். இச்செலவைக் குறைக்கவே பல வேலைத்தலங்கள் காப்புறுதி வழங்குகின்றன.

ஏன் இந்த எல்லை?

பயிர்க் காப்புறுதியை எண்ணிப் பாருங்கள். வெள்ளம் எல்லா வயல்களையும் எல்லா ஆண்டும் அழிப்பதில்லை. பலர் கட்டும் பணத்தில் சிலரது பேரிழப்பு ஈடுசெய்யப்படுகின்றது. பற்செலவோ ஏறக்குறைய எல்லோருக்கும் வருவது. ஆகையால் காப்புறுதிக் கம்பனி ஆண்டுக்கு இவ்வளவுதான் என்று உச்சவரம்பு வைக்கின்றது. குளத்து நீரை முறைவைத்து அளந்து விடுவது போன்றது இது. முறை முடிந்தால், பயிர் வாடினாலும் துருசு மூடப்படும்.

ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். ஒருவரின் காப்புறுதி பல் அடைப்பதற்கு 80 வீதமும், பல்லின் மேல் உறை போடுதல் போன்ற பெரிய வேலைகளுக்கு 50 வீதமும் கொடுக்கின்றது. ஆண்டு உச்சவரம்பு 1,500 டொலர். அவர் அதில் 500 டொலரை ஏற்கெனவே பெற்றுவிட்டார். இப்போது 3,000 டொலர் வேலை வருகின்றது. பாதியாகிய 1,500 டொலர் கிடைக்குமென எண்ணுகிறார். மிஞ்சியிருப்பதோ 1,000 டொலர்தான். மீதி 2,000 டொலரும் அவரது கைக்காசு.

வேறு எல்லைகளும் உண்டு. கம்பனி தனது கட்டண அட்டவணைப்படியே கணக்குப் பார்க்கும். வைத்தியர் அதைவிடக் கூடுதலாகக் கேட்டால் வித்தியாசத்தை நோயாளியே கட்டவேண்டும். தாடை எலும்பில் திருகிப் பொருத்தும் பல்லுக்கு, கட்டுப்பல்லின் பெறுமதியை மட்டும் கொடுக்கும் திட்டங்களும் உள்ளன. சில திட்டங்களில், சேர்ந்து சில மாதங்கள் சென்ற பின்னரே பெரிய வேலைகளுக்குப் பணம் கிடைக்கும்.

எனவே பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்: பெரிய வேலை தொடங்குமுன், மதிப்பீட்டைக் கம்பனிக்கு அனுப்பி, எவ்வளவு தருவீர்கள் என்று எழுத்தில் கேட்கும்படி பல் வைத்தியரிடம் கோரவேண்டும். கணவன், மனைவி இருவருக்கும் காப்புறுதி இருந்தால், ஒன்று கொடாத மீதியை மற்றதில் கேட்கலாம். வைத்தியர் சம்மதித்தால் வேலையில் ஒரு பகுதியை அடுத்த ஆண்டுக் கணக்கில் செய்விக்கலாம். வலியும் வீக்கமும் இருந்தால் மட்டும் காத்திருத்தல் ஆகாது.

அரசின் புதிய திட்டம்

2024 மே மாதத்தில் கனடிய மத்திய அரசின் பல் பராமரிப்புத் திட்டம் முதியோருக்குத் தொடங்கியது. 2025இல் தகுதியுள்ள ஏனைய வயதினருக்கும் விரிந்தது. குடும்பத்தின் நிகர வருமானம் ஆண்டுக்கு 90,000 டொலருக்குக் குறைவாக இருக்கவேண்டும். வருமானவரிப் படிவம் நிரப்பியிருக்கவேண்டும். 70,000 டொலருக்குக் குறைந்தால் திட்டக் கட்டணம் முழுவதையும் அரசு கொடுக்கும். அதற்கு மேல் 80,000க்குள் 40 வீதமும், 90,000க்குள் 60 வீதமும் நோயாளியின் பங்கு.

இதிலும் ஒரு கசப்பு உண்டு. வேலையிடத்தில் பற்காப்புறுதி பெற வாய்ப்புள்ளவர், அது எவ்வளவு சிறியதாயினும், அதை வேண்டாமென்று விட்டிருந்தாலும், இத்திட்டத்திற் சேரமுடியாது. திருகிப் பொருத்தும் பல்லுக்கும் இது பணம் கொடாது. ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும்.

இங்கு நாம் செய்யக்கூடியவை

இலங்கையின் அரச வைத்தியசாலைகளில் பல் பிடுங்குவதும் அடைப்பதும் இலவசம். பாடசாலைப் பிள்ளைகளுக்கென அரச பற்சிகிச்சை நிலையங்களும் உள்ளன. சிறு குழியாக இருக்கையிலேயே போனால் ஓர் அடைப்போடு முடியும். வலி வரும்வரை பொறுத்தால் பல்லையே இழக்கவேண்டி வரும்.

இன்னுமொன்று. இலங்கை ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோயே. வெற்றிலை, பாக்கு, புகையிலை அதற்கு முக்கிய காரணங்கள். வாயில் வெள்ளைப் படையோ, சிவந்த தழும்போ, 2 வாரத்தில் ஆறாத புண்ணோ இருந்தால் உடனே பல் வைத்தியரிடம் காட்டுங்கள். அங்கே இருக்கும் பிள்ளை காப்புறுதிப் பத்திரத்தை வாசிக்கட்டும். இங்கே நாம் வாயைத் திறந்து கண்ணாடியில் பார்ப்போம். இரண்டுக்கும் காசு தேவையில்லை.