சாவிக்கொத்தும் மூளைப் பூட்டும்

சென்ற பருவத்தில் ஒரு நாள் மாலை, விடுதி உணவறையில் நம் மன்ற நண்பர் ஒருவர் திடீரென்று வீழ்ந்தார். கைகால்கள் வெட்டி இழுத்தன. வாயில் நுரை தள்ளியது. வடநாட்டு நண்பர் ஒருவர் செருப்பை மோக்கச் செய்ய முனைந்தார். நம்மவர் ஒருவர் தம் சாவிக்கொத்தை அவர் கையில் திணித்தார். இரண்டு நிமிடத்தில் வலிப்பு நின்றது. சாவி வென்றது என்றே நம்மவர் எண்ணினர். ஆனால் பெரும்பாலான வலிப்புகள் சில நிமிடங்களில் தாமே அடங்குவன. இரும்புக்கு அதில் பங்கில்லை.

சாவி ஒன்று உண்டு. ஆனால் அது கையிலன்று, மூளையில். அதைச் சிறிது காண்போம்.

மூளையின் நரம்பணுக்கள் மின் துடிப்புகளால் செய்தி அனுப்புகின்றன. ஏராளமான அணுக்கள் கட்டுக்கடங்காமல் ஒருங்கே துடித்தால் அதுவே வலிப்பு. அத்துடிப்பை மட்டுப்படுத்த உதவும் பொருள்களுள் ஒன்று செரட்டோனின். 1948இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் ராப்போர்ட், கிரீன், பேஜ் என்னும் மூவர் இதைக் குருதியிலிருந்து பிரித்தெடுத்தனர். மூளையிலும் அது உண்டு என்பதை 1953இல் பெட்டி டுவாராக் அம்மையாரும் பேஜும் வெளியிட்டனர்.

செரட்டோனினைச் சாவி என்று கொண்டால், அணுக்களின் மேலுள்ள ஏற்பிகளே பூட்டுகள். அவை ஏறத்தாழ 14 வகை. சாவி ஒன்றே, ஆயினும் பூட்டுக்குப் பூட்டு விளைவு வேறு. 'ஒன்று-ஏ' என்னும் ஏற்பியில் செரட்டோனின் பொருந்தினால் பொட்டாசியம் வாயில்கள் திறக்கின்றன. நேர்மின்னூட்டமுள்ள பொட்டாசியம் வெளியேற, அணு அமைதியுறுகிறது. 'இரண்டு-சி' ஏற்பி இல்லாமற் பிறந்த சுண்டெலிகளுக்கு வலிப்பு வந்ததை 1995இல் அறிஞர் கண்டனர். பூட்டு மாறினால் தீங்கும் உண்டு. உடல் இளைக்கத் தந்த ஃபென்ஃபுளூரமின் என்னும் மருந்து, இதய வால்வுகளைக் கெடுத்ததால் 1997இல் அமெரிக்காவில் நிறுத்தப்பட்டது. செரட்டோனின் வழியே செயற்படும் அதே மருந்து, டிராவே நோய் என்னும் கடும் குழந்தை வலிப்புக்கு, இதயப் பரிசோதனைகளோடு தருமாறு 2020இல் அங்கு ஒப்புதல் பெற்றது.

மனிதர் மூளையில் நிகழ்வது என்ன? காதுக்கு மேலே, நெற்றிப்பொட்டின் உட்புறம் உள்ள மூளைப்பகுதியில் தோன்றும் வலிப்பு ஒரு வகை. அந்நோயாளரைப் பாசிட்ரான் படக்கருவியால் ஆராய்ந்தபோது, வலிப்பு பிறக்கும் பக்கத்தில் 'ஒன்று-ஏ' ஏற்பிகளின் பற்றும் ஆற்றல் குறைந்திருந்தது. மனச்சோர்வும் உடையவரிடம் அக்குறைவு மிகுதி. ஆகவே அவர்தம் சோர்வு, வலிப்புக்கு அஞ்சுவதால் மட்டும் வருவதன்று. அதே கோளாற்றின் இன்னொரு முகமாகவும் இருக்கக்கூடும்.

இதைப் படித்தபோது நான் வெட்கினேன். அந்நண்பர் பல வாரங்களாக மன்றக் கூட்டங்களுக்கு வரவில்லை. "ஏன் இப்படி மூலையில் கிடக்கிறீர்? தைரியமாக இரும்!" என்று கடிந்தவருள் நானும் ஒருவன். கண் விழித்ததும் அவர் முதலில் கேட்டது, "யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்" என்பதுதான். இன்று அவர் இசைவு பெற்றே இதை எழுதுகிறேன்.

நண்பர்களே, இனி யாரேனும் வீழ்ந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். அருகிலுள்ள நாற்காலி மேசைகளை அகற்றுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள். ஐந்து நிமிடம் கடந்தால் மருத்துவ உதவியை அழையுங்கள். மறுநாள் அவர் அறைக்குச் சென்று உடன் அமர்ந்து தேநீர் அருந்துங்கள். சாவிக்கொத்து உங்கள் சட்டைப்பையிலேயே இருக்கட்டும்.