கடன் பேரேட்டில் இருக்கிற வெயிலும் மழையும்



சில மாதங்களுக்கு முன் வேதாரண்யம் பக்கம் ஒரு குழுக் கூட்டத்தில் பருவநிலை மாற்றம் பற்றிப் பேச ஆரம்பித்தோம். ஐந்து நிமிஷம்கூட ஆகலை. ஒரு அக்கா கொட்டாவி விட்டுட்டு, "ஏம்மா, எங்கேயோ பனிமலை உருகுதுன்னு டி.வி.யில சொல்றாங்க. அதுக்கு நாங்க என்ன பண்றது? தவணையைக் கட்டிட்டு வீட்டுக்குப் போவணும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், எங்களுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கொண்டுபோன படத்தைச் சுருட்டி வைத்துவிட்டு, அந்தக் குழுவின் கடன் பேரேட்டைப் பிரித்தோம்.

2017-ம் வருஷப் பக்கம். மாட்டுத் தீவனத்துக்கு, வெளிவட்டி அடைக்க, அடகு நகை திருப்ப என்று வரிசையாகக் கடன். என்ன நடந்தது அப்போ? 2016-ல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைவு. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டத்தையும் வறட்சி பாதித்ததாக அரசு அறிவித்தது. அடுத்து 2019 பக்கம். கூரை போட, மரம் அப்புறப்படுத்த, தென்னங்கன்று வாங்க. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா வந்ததை நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. 2021-ல் மறுபடி சாப்பாட்டுச் செலவுக்கே கடன். அந்த ஜனவரியில் அறுவடைக்கு நின்ற சம்பா மழையில் சாய்ந்து முளைத்துப் போச்சு. மிஞ்சின நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனால் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல என்று திருப்பி அனுப்பினாங்களே, அந்த வருஷம்தான்.

கொட்டாவி விட்ட அக்கா கடைசியில், "அப்ப நாங்க வாங்கின கடன்ல பாதி மழை வாங்கின கடனா?" என்று கேட்டார். நாங்கள் கொண்டுபோன படத்தைவிட நல்ல விளக்கம் அது.

சரி, ஒரு வருஷம் காயுது, ஒரு வருஷம் முக்குது. இரண்டுக்கும் ஒரே காரணம் எப்படி? நிலக்கரி, பெட்ரோல், டீசல் எரிக்க எரிக்க கரியமில வாயு காற்றில் சேர்கிறது. முன்பு பத்து லட்சம் பங்கு காற்றில் 280 பங்கு இருந்தது. இன்றைக்கு 420-க்கும் மேல். இது இட்லிக் குண்டான் மூடி மாதிரி சூட்டை வெளியே போகவிடாது. சூடான காற்று அதிக ஈரத்தைப் பிடித்து வைக்கும், ஒரு டிகிரிக்குச் சுமார் 7 சதவீதம் கூடுதலாக. அதனால் மழை இல்லாதபோது மண்ணிலிருந்தும் குளத்திலிருந்தும் நீரை வேகமாக உறிஞ்சிவிடும். கொட்டும்போது மொத்தமாகக் கொட்டிவிடும். 2023 டிசம்பரில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. அங்கே ஒரு வருஷம் முழுக்கப் பெய்வதைவிட அதிகம்.

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். புயல் நமக்குப் புதுசு இல்லை. 1952-லும் நாகப்பட்டினத்தில் அடித்தது, 1977 புயலை நம்ம ஆத்தாமார் இன்னும் கதையாகச் சொல்வார்கள். ஆகவே வருகிற எல்லாப் புயலுக்கும் இதுதான் காரணம் என்று சொல்ல மாட்டோம். ஆனால் சூடான கடல்நீர்தான் புயலுக்குத் தீனி. கடல் சூடு ஏற ஏற, வருகிற புயல் பலமாக வர வாய்ப்பு கூடுகிறது.

இதில் நம்ம வீட்டுப் பங்கு எவ்வளவு? ஒரு சைக்கிள், இரண்டு பல்பு, ஒரு மின்விசிறி. புகை விட்டவர்கள் வேறு எங்கோ இருக்கிறார்கள், தவணை கட்டுவது நாம். உப்பளத்திலும் நடவிலும் நிற்கிற உடம்பும் நம்முடையதுதான். ஒதுங்க இடமில்லை என்று தண்ணீர் குடிக்காமலே வேலை செய்து, நீர்க்கடுப்போடு வருகிற சகோதரிகளை ஒவ்வொரு கோடையிலும் பார்க்கிறோம்.

எங்கள் தவறு ஒன்றும் இந்தக் கணக்கில் உண்டு. கஜாவுக்கு முன் ஒரு சகோதரி குழுவில் கடன் வாங்கியிருந்தார். தேங்காய் வெட்டு வருமானத்தை நம்பித்தான் வாங்கினார். புயலில் தோப்பு முழுக்கப் படுத்துவிட்டது. நாட்டுத் தென்னை காய்க்க ஆறேழு வருஷம் ஆகும். நாங்களோ மூன்றாவது மாதமே சிவப்பு மையில் "தவணை தவறியவர்" என்று எழுதினோம், வங்கிக் கடனுக்குத் தர மதிப்பீடு கெட்டுப்போகுமே என்று. குழுவும் கடிந்து பேசியது. அவர் கூட்டத்துக்கு வருவதை நிறுத்திவிட்டார். 2019-ல் வைத்த கன்று இப்போதுதான் பாளை விடுகிறது. கடைத்தெருவில் எங்களைப் பார்த்தால் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போவார்.

அதனால்தான் கூட்டமைப்பில் இரண்டு விஷயம் கேட்கிறோம். பேரேட்டில் "காரணம்" என்று ஒரு கட்டம் போடுங்கள். "குடும்பச் செலவு" என்று பொத்தாம்பொதுவாக எழுதாமல் மழை, வறட்சி, புயல் என்று எழுதுங்கள். பேரிடரால் தவணை நின்றால் எத்தனை மாதம் பொறுப்பது என்று இப்போதே தீர்மானம் எழுதிக் கையெழுத்துப் போட்டு வையுங்கள். புயல் வந்த பிறகு பேசினால் சண்டைதான் வரும்.

பயிர்க் காப்பீடு பற்றியும் கொஞ்சம். பட்டா மாமனார் பேரில் இருக்கும், வயலில் நிற்பது நீங்களாக இருக்கும். குத்தகைக்குப் பயிர் செய்கிறவர்கள் கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் வாங்குவதை விதைப்பு முடிந்ததுமே பாருங்கள். கடைசி நாளில் கம்ப்யூட்டர் வேலை செய்யாது, இது எங்கள் அனுபவம்.

அடுத்த கூட்டத்துக்கு 2015-லிருந்து உள்ள பேரேடுகளைக் கொண்டு வாங்க. பழைய நோட்டு கஜாவில் நனைந்து போயிருந்தால் வெறுங்கையோடு வந்தாலும் சரி. யார் என்ன கடன் எதுக்கு வாங்கினாங்கன்னு உங்களுக்கு மனப்பாடம் என்று எங்களுக்குத் தெரியும்.