காட்ஸ் கட்டும் பிள்ளையின் கணக்கும்

வந்து சேர்ந்த நாட்டுப் பள்ளிக்கூடங்களில் எமது பிள்ளைகளுக்கு நிகழ்தகவுக் கணக்கு வரும். "ஒரு சீட்டுக்கட்டிலிருந்து ஒரு சீட்டு எடுக்கப்படுகிறது. அது படச் சீட்டாக இருப்பதற்கான நிகழ்தகவு என்ன?" கட்டில் எத்தனை சீட்டு, அதில் படம் எத்தனை என்று கேள்வியில் பெரும்பாலும் இராது. எல்லாப் பிள்ளைக்கும் தெரியும் என்று நினைத்துவிடுகிறார்கள். எம்மவர் வீடுகள் பலவற்றிலோ காட்ஸ் என்றால் சூது. பிள்ளையின் கையில் படவே விடமாட்டோம். பின்னம் நன்றாகத் தெரிந்த பிள்ளைக்கும் இதனால் புள்ளி போகிறது.

ஆகவே முதலில் கட்டை மேசையில் விரித்துக் காட்டுவோம். மொத்தம் 52. இஸ்பேட், ஆர்ட்டின், டயமண்ட், கிளாவர் என்று நாலு வகை, வகைக்கு 13. (கிளாவர் ஒல்லாந்தர் விட்டுப்போன சொல்.) ஆர்ட்டினும் டயமண்டும் சிவப்பு, மற்றவை கறுப்பு. ஜாக், குயின், கிங் மட்டுமே படம், ஏஸ் படமல்ல. எனவே படங்கள் 12. விடை 12/52, சுருக்கினால் 3/13.

இங்கே 304 விளையாடும் அப்பாமார் கவனிக்க வேண்டும். நாங்கள் 2 முதல் 6 வரை கழித்துவிட்டு 32 சீட்டில் ஆடுகிறோம். அந்தப் பழக்கத்தில் 12/32 என்று சொல்லிக் கொடுத்தால் விடை பிழை.

அடுத்த சிக்கல், எடுத்த சீட்டைத் திரும்ப வைப்பதா இல்லையா என்பது. இரண்டு ஏஸ் எடுக்க வேண்டும்: திரும்ப வைத்துக் குலுக்கினால் 4/52 × 4/52, அதாவது 169 இல் ஒன்று. வைக்காவிட்டால் மிச்சம் 51 சீட்டு, 3 ஏஸ். 4/52 × 3/51, 221 இல் ஒன்று. கேள்வியில் அந்த ஒரு சொல்லைப் பிள்ளை தவறவிடக் கூடாது.

304 தெரிந்தவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் கையிலேயே இருக்கிறது. நாலு பேர் ஆட்டம். முதல் நாலு சீட்டில் ஆர்ட்டின் 9, ஏஸ், 10 வந்திருக்கிறது, ஜாக் இல்லை. துரும்பு ஆர்ட்டின் என்று துணிந்து கேட்கலாமா? நாம் காணாத சீட்டுகள் 28. அவற்றில் 4 எமக்கு வரும், 8 எம் கூட்டாளிக்கு, 16 எதிராளிகளுக்கு. மற்றவர் கேள்வியிலிருந்து எதுவும் ஊகிக்காவிட்டால், ஜாக் எமக்கே வர 4/28, எம் பக்கம் இருக்க 12/28, அதாவது 3/7. எதிர்ப்பக்கம் இருக்க 4/7. பாதிக்கு மேல் அவர்கள் பக்கந்தான்.

"மூன்று ஆட்டமாக ஜாக் வரவில்லை, இம்முறை வந்தே தீரும்" என்று கேள்வியை ஏற்றுகிறவர்களும் உண்டு. ஒழுங்காகக் குலுக்கிய கட்டுக்குப் போன ஆட்டம் தெரியாது. முதல் நாலு சீட்டில் ஒரு ஜாக்காவது வர எப்போதும் நூற்றுக்குச் சுமார் 43 தான். ஜாக்கே வராத வாய்ப்பை, 28/32 × 27/31 × 26/30 × 25/29 என்று பெருக்கி, ஒன்றிலிருந்து கழித்துப் பார்க்கலாம். பெருக்கலைப் பிள்ளையிடம் கொடுங்கள்.